ஒரே நெஞ்சில் இரண்டு நோயைக் கண்டவருக்கு

மூச்சுப் பரிசோதனை அறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் முதுநிலைத் தொழில்நுட்பரே, முகம் பார்த்தே மூச்சிரைப்பின் மூலத்தை அறிந்த மதிநுட்பமே, எங்கள் அன்பு அக்கா அவர்களே, வணக்கம்.

"ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க" என்று கதவுக்கு அப்பால் ஒலிக்கும் தங்கள் குரலோடுதான் எங்கள் பொழுது விடியும். நோயாளிகளுக்குத் தாங்கள் 'ஊதுங்கக்கா'. சம்பளப் பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லி அழைத்தால் தாங்களே திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆஸ்துமாவுக்கு நீலக் கோப்பு, புகையால் பழுதான நுரையீரலுக்கு மஞ்சள் கோப்பு, ஒருவருக்கு ஒரே கோப்பு என்பது எங்கள் பிரிவின் சட்டம். ஒரே நெஞ்சில் இரண்டும் குடியிருக்கக்கூடும் என்று படித்திருந்தோம். ஆனால் அலமாரியில் அதற்கு இடம் வைக்கவில்லை.

அந்த வெல்டரை மறக்க முடியுமா? ஐம்பத்தாறு வயது, இருபத்தைந்து ஆண்டு சிகரெட், மஞ்சள் கோப்பு. மஞ்சளுக்கு இது தேவையில்லை என்று, ஆஸ்துமாவுக்குத் தரப்படும் ஸ்டீராய்டு இன்ஹேலர் அவருக்கு நிறுத்தப்பட்டது. ஆறே வாரத்தில் இரண்டு முறை ஆக்ஸிஜனோடு படுத்தார். மூன்றாம் முறை வந்தால் தாங்கமாட்டார் என்று எங்களுக்கே தெரிந்தது. அப்போதும், 'சிகரெட்டை விட்டிருக்கமாட்டார்' என்று அவர் தலையிலேயே பழியைப் போட்டோம்.

தாங்கள் போடவில்லை. அவரை ஊதச் சொன்னீர்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை இழுக்கச் செய்து, கால் மணி நேரம் உட்கார வைத்தீர்கள். வரிசை வாசலைத் தாண்டினாலும், நாங்கள் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்தாலும், அந்தக் கால் மணியில் ஒரு நிமிடம்கூடத் தாங்கள் குறைத்ததில்லை. காத்திருந்தபோது கேட்டீர்கள்: "சின்ன வயசுல இழுப்பு இருந்துச்சா?"

"பத்து வயசு வரைக்கும் இருந்துச்சும்மா. ஸ்கூலுக்கே ஒழுங்கா போனதில்ல. இங்க யாரும் அதைக் கேக்கலையே" என்றார் அவர்.

மறுபடி ஊதியபோது காற்றின் அளவு அரை லிட்டர் ஏறியது. ஆனால் முழு அளவை எட்டவில்லை. ஏறியது ஆஸ்துமாவின் அடையாளம், எட்டாமல் நின்றது புகையின் பழுது. மஞ்சளோடு நீலத்தையும் சேர்த்து வெள்ளை நாடாவால் கட்டித் தலைமை மருத்துவர் மேசையில் வைத்தீர்கள். "ரெண்டுக்கும் சேர்த்து மருந்து எழுதுங்க சார். இல்லன்னா இந்த ஆளை நான் வீட்டுக்கு அனுப்பமாட்டேன்" என்றீர்கள். தலைமை மருத்துவரிடம் அப்படிப் பேசியவர் அதுவரை எவருமில்லை. அவர் மறுபேச்சின்றி எழுதினார், வெல்டர் பிழைத்தார். இன்று நாடா கட்டிய கோப்புகளே இரண்டு தட்டுகளை நிறைக்கின்றன.

அந்த இன்ஹேலர் 'நிறுத்தப்பட்டது' என்று வாசித்தேன். அது முழு உண்மையன்று. மருந்துச் சீட்டில் அதை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டவன், இம்மடலை எழுதி இங்கே நின்று வாசிக்கும் நான். அந்தக் கையெழுத்தைத் தாங்கள் பார்த்தீர்கள். மறுநாள், "டாக்டர், இனிமே சின்ன வயசுக் கதையும் கேட்டுக்குங்க" என்றதோடு சரி. இந்த ஏழு ஆண்டுகளில் தாங்கள் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையை நினைக்கும்போதெல்லாம் பிரமித்து நிற்கிறேன்.

நேற்று வெல்டரிடம் நானே சொல்லிவிட்டேன். "அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அவர். முதல் நாளே தெரியும் என்றேன்.

"தெரிஞ்சும் உங்களை இங்க வெச்சிருக்காங்களா? அப்ப சரி" என்றார்.

அதற்கு மேல் தங்களைப் பாராட்ட எங்களிடம் சொல் இல்லை. உடல்நலம் குன்றாமல், உள்ளம் சோராமல், மூச்சு இரைக்காமல் தாங்கள் நெடுங்காலம் வாழ்க.

தங்கள் அன்பில் என்றும் மகிழும்,
நெஞ்சகப் பிரிவுப் பணியாளர்கள்