திரைச்சீலையைத் திறக்காமல்

— திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கினா வேலை முடிஞ்சுதுக்கா. இதுக்குப் போயி கத்தரிக்கோலும் கையுமா உக்காந்திருக்கே.

— விலக்கிப் பாரு, அப்பா மூஞ்சியச் சுளிப்பார். பக்கவாதம் வந்ததுலேருந்து வெளிச்சம் பட்டா ஆகல அவருக்கு. நாற்காலியையும் தொட்டுடாதே. இப்பதான் தலைகாணிய முட்டுக் குடுத்து நேரா உக்கார வெச்சிருக்கேன்.

— அப்ப போன்ல எடேன். இவ்ளோ பெரிய பொட்டி, அதுக்கு ஒரு முக்காலி, தலைக்கு மேல கறுப்புத் துணி. எம்மா தாயே, ஒத்தப் படத்துக்கு இம்புட்டுக் கூத்தா?

— கேளு. ஊரான் மூஞ்சியெல்லாம் இந்தப் பொட்டியிலதான் எடுத்துப் பொழைக்கிறேன். பெத்த அப்பாவ மட்டும் போன்ல எடுத்துத் தள்ளிவிடச் சொல்றியா?

— சரி சரி. அதுல என்னதான் கோளாறு?

— கோளாறு ஒண்ணுமில்ல. பின்னாடி இந்தக் கண்ணாடி இருக்கு பாரு, சொரசொரன்னு. லென்ஸ் வழியா வர்ற உருவம் இதுலதான் விழும். இதப் பாத்துத்தான் கூர்மை வைக்கணும். வெயில்ல நல்லாத் தெரியும். இந்த ரூம்ல நடுவுல மட்டும் ஒரு வெளுப்பு, ஓரமெல்லாம் கும்மிருட்டு. அப்பாவுக்குக் கண்ணு எங்க, காது எங்கன்னே தெரியல.

— வேற நல்லதா வாங்கிப் போடலாமே?

— வாங்கலாம், வெலையக் கேட்டா மயக்கம் வரும். அதான் புத்தகக் கடையில இதப் புடிச்சேன். பொடி எழுத்து பெருசாத் தெரிய பக்கத்து மேல வெச்சுப் படிப்பாங்களே, அந்த பிளாஸ்டிக் தாள். தடவிப் பாரு.

— வரி வரியா இருக்கு. இசைத்தட்டு மாதிரி.

— அந்த வரிதான் ஓரத்துல செதறிப் போற வெளிச்சத்த வளைச்சு என் கண்ணுக்கு அனுப்பும். மொதல்ல லென்ஸ் பக்கமா உள்ள வெச்சுத் தொலைச்சேன். கூர்மையே நகந்துபோயி, எடுத்ததெல்லாம் குப்பை. இப்ப வெளிய, நான் பாக்குற பக்கம் ஒட்டுறேன். வரியெல்லாம் கண்ணாடியப் பாத்தாப்புல இருக்கணும். டேப்பக் கிழிச்சுக் குடு.

— இந்தா. காலையில அந்த முதியோர் இல்லத்து வண்டி வருதா?

— வருது.

— யோசிச்சியாக்கா நல்லா?

— கேளு, நீ இப்ப ஆரம்பிக்காதே.

— இல்ல, யாருன்னே தெரியாத எடத்துல கொண்டுபோய்த் தள்ளிட்டு...

— அப்ப நீ கூட்டிட்டுப் போ.

— என் வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கெடையாதுன்னு உனக்கே தெரியும். என் பொண்டாட்டியும் வேலைக்குப் போறா. மாசாமாசம் நான் வந்து பாத்துக்குறேன்...

— வாய்ப்பந்தல் போடாதே. வருஷத்துக்கு ஒருக்கா விருந்தாளியாட்டம் வந்து பழத்த வெச்சுட்டுப் போறவன் நீ. பொரட்டிப் படுக்க வைக்கிறது யாரு? பீ மூத்திரம் அள்ளுறது யாரு? வெளியூர்ல வேலை வந்தா எடுக்க முடியல. என் இடுப்பே போச்சு.

— மெல்லப் பேசுக்கா. அவரை வெச்சுக்கிட்டு...

— வெச்சுக்கிட்டுப் பேசினா என்ன? காதுல விழுந்தாலும் மண்டையில ஏறாதுன்னு டாக்டரே சொல்லிட்டார். மூஞ்சி சுளிக்கிறது கூட வெறும் நரம்பாம். நான் மகளா, கூலிக்கு வந்தவளான்னு கூட அவருக்குத் தெரியாது. தெனம் தலை சீவி விடுறேன், செவுத்துக்குச் சீவி விட்டாப்புல இருக்கு.

— அதுக்காக...

— சொல்லட்டுமா? சீக்கிரம் போய்ச் சேந்தார்னா அவருக்கும் விடுதலை, எனக்கும் விடுதலை. போதுமா? நீ சொல்ல மாட்டே, நல்லவன். நான் சொல்லிட்டேன்.

— அக்கா.

— டேப்பக் குடு, இன்னும் ஒரு ஓரம் பாக்கி.

— அழாதேக்கா. உன்னைக் குத்தம் சொல்ல வரல நான். சத்தியமா.

— விடு. ஒட்டியாச்சு. அந்தத் துணிய எடு, வெளிச்சம் புகாம பின்னாடி இழுத்து விடு.

— விட்டாச்சு. தெரியுதா?

— அடேயப்பா! ஓரம் வரைக்கும் வந்துடுச்சுடா. படம் தலைகீழாத்தான் விழும், அது எப்பவும் அப்படித்தான். ஆனா சட்டைப் பொத்தானுக்குள்ள இருக்குற நூல் தெரியுது எனக்கு. இரு, பூதக்கண்ணாடி வெச்சுக் கண்ணுல கூர்மை வைக்கிறேன்.

— அப்ப முடிஞ்சுதா? ஒரே அமுக்கு அமுக்கிட்டு வெளிய வா. ஏன்க்கா, என்னாச்சு?

— நீ எங்க நிக்கிறே?

— ஜன்னல் பக்கம். நெழல் விழுதா?

— இல்ல. அப்படியே கதவுப் பக்கம் நடந்து போ. ஏதாவது பேசிக்கிட்டே போ.

— எம்மா தாயே, இவ்ளோ நேரம் வாய மூடுன்னே, இப்ப பேசுங்கிறே. என்னத்தப் பேச? இந்தா, கதவுகிட்ட வந்தாச்சு. போதுமா?

— மறுபடி ஜன்னலுக்குப் போ.

— என்னக்கா, ஏன் இப்படி அலைய விடுறே? உனக்குத் தலை சுத்துதா? வெளிய வா மொதல்ல. இந்தா, ஜன்னல்கிட்ட நிக்கிறேன். என்னதான் தெரியுது அதுல?

— நீ போற எடத்துக்கெல்லாம் அப்பா கண்ணு வருதுடா.

— டாக்டர்தான் சொன்னாரே, அவருக்கு ஒண்ணும்...

— நான் வாயத் தொறந்தா மட்டும் கண்ண மூடிக்கிறார்.