குடுவைக்கு அளந்த சர்க்கரை

சர்க்கரையை அளந்து போடுவதில் என் கை தவறியதே இல்லை. ஆய்வுக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அங்கே தடுப்பு மருந்துக்காக அந்துப்பூச்சியின் செல்களைக் குடுவைகளில் வளர்க்கிறோம். சத்துநீரில் சர்க்கரை ஏராளமாக இருந்தால் கண்டபடி தின்று கழிவை நிரப்பும். சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால் அடக்கமாக வாழும், கழிவும் சொற்பம். மிகவும் குறைந்துபோனால் மட்டும் புரதச்சத்தை எரிக்கத் தொடங்கும். அப்போது அம்மோனியா ஏறும், குடுவையைத் திறந்தால் நெடியடிக்கும். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

என் அண்ணன் மாடிப்படியில் விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தான். வீட்டில் நாங்கள் இருவர்தான். காலையில் அவனுக்குத் துணி மாற்றிவிட்டு வேலைக்குப் போவேன். மாலையில் திரும்பினால் தன் கழிவிலேயே ஊறிக் கிடப்பான். முதுகு புண்ணாகிவிட்டது. ஆள் வைக்க வழியில்லை. தனியாகப் புரட்டிப்போட எனக்குத் தெம்பும் இல்லை. அதனால் சாப்பாட்டைக் குறைத்தேன். கழிவு குறைந்தது. புண்கூடக் கொஞ்சம் காய்ந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் குறைத்தேன்.

"ஏய் பூச்சிக்காரி, உன் பூச்சிங்களுக்கு மட்டும் வேளாவேளைக்கு விருந்து. நானும் பூச்சியா பொறந்திருக்கலாம்," என்றான்.

"அதுங்க வாய் பேசாது, அண்ணா."

சிரித்தான். பிறகு மெதுவாக, "இன்னும் ரெண்டு ஸ்பூன் குடேன்," என்றான். நான் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டேன்.

புண்ணுக்கு மருந்து போட வந்த நர்ஸ், "ரொம்ப இளைச்சுட்டாரேம்மா, சாப்பிடறாரா?" என்று கேட்டார்.

"எதுவும் வயித்துல தங்கலை," என்றேன்.

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆமா, தங்கலை," என்றான்.

என்னைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். அவனுக்கும் இதில் சம்மதம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் அவன் எதுவும் கேட்கவில்லை. துணி பெரும்பாலும் உலர்ந்தே இருந்தது. நான் அவனைப் பட்டினி போடவில்லை, அளந்து கொடுத்தேன். இதை என் வாக்குமூலத்தில் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

குடுவையில் அம்மோனியா ஏறினால், கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சர்க்கரை சேர்ப்பேன். சற்றே தாமதித்தாலும் எனக்கு மனசு கேட்காது.

அண்ணன் இறப்பதற்கு முந்தைய நாள், அவன் வாயிலிருந்து அதே நெடி வந்தது. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவைத்தேன்.