பட்டை கறுத்த உறைகள்

பல் வைத்தியத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வலியைவிட அந்த இடத்தின் வாசனைக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். அதனால் காலையில் கதவைத் திறந்ததும் ஜன்னல்களைத் திறந்துவிடுவேன். பத்தொன்பது வருடமாக அப்படித்தான். இன்றைக்கு வருகிற எல்லோரும் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும் என்று கடவுளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கை கழுவப் போவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை மேடம். நீங்கள் தரப் பரிசோதனைக்கு வந்த செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் வேண்டிக்கொண்டேன்.

கருவிகளைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. சோப்புத் தண்ணீரில் தேய்த்து, துடைத்து, காகித உறையில் போட்டு ஒட்டி, நீராவியில் கிருமியைக் கொல்லும் மெஷினுக்குள் வைக்க வேண்டும். ஒவ்வொரு உறையிலும் ரோஜா நிறத்தில் ஒரு பட்டை இருக்கும். சூடு போதுமான அளவு ஏறினால் அது கறுத்துவிடும். எங்கள் டாக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. உறையைப் பிரிப்பதற்கு முன்னால் அதை நோயாளியின் முகத்துக்கு நேரே காட்டுவார். "பட்டை கறுத்திருக்கா, நல்லா பாருங்க. கறுத்திருந்தா என்னை நம்பி வாயைத் திறக்கலாம்" என்பார். அழுகிற குழந்தைகூட ஒரு நிமிடம் அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பட்டையைப் பார்க்கும்.

நீங்கள் வருவதற்கு ஏழு மாதம் முன்பு, ஒரு சனிக்கிழமை, மெஷினில் தண்ணீர் ஊற்ற மறந்து அதை ஓட்டிவிட்டேன். லேசாகக் கருகல் நாற்றம் வந்தது. அதற்குப் பிறகும் விளக்குகள் எரிந்தன, இரைச்சல் வந்தது, மூடி வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே சூடு மட்டும் ஏறவில்லை. வெளியே எடுத்த உறைகளில் பட்டை ரோஜா நிறமாகவே இருந்தது.

டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். அவர் திட்டமாட்டார். அதுதான் கஷ்டம். திட்டுகிறவரிடம் தப்பைச் சொல்லிவிடலாம். திட்டாதவரிடம் சொல்ல நாக்கு எழாது. தவிர, மெஷின் ரிப்பேருக்குப் போனால் இரண்டு மூன்று வாரம் கதவை மூட வேண்டியிருக்கும். அன்றைக்கு வெளியே பதினான்கு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் கறுத்த உறைகள் கொஞ்சம் மீதியிருந்தன; அவற்றை வைத்துச் சமாளித்துவிட்டு, திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டு உறைகளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். நீராவி இஸ்திரிப் பெட்டியை அந்தப் பட்டைமேல் வைத்து எடுத்தால் அழகாகக் கறுத்துவிடுகிறது. ஐந்தாறு விநாடி போதும். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அதுவே வேலையாகிவிட்டது. பதிவேட்டில் நேரம், சூடு, கையெழுத்து எல்லாம் ஒரு நாள் விடாமல் எழுதினேன்.

எனக்குப் பயமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஏழு மாதத்தில் யாராவது "அக்கா" என்று சற்று உரக்கக் கூப்பிட்டாலே மெஷின் பக்கம்தான் முதலில் திரும்பிப் பார்ப்பேன். ஆனால் டாக்டர் உறையைத் தூக்கிக் காட்டும்போது நோயாளியின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அதைப் பார்த்தால் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார். நாற்காலியில் உட்காருவதற்கு முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, எனக்குக் கல்லீரல்ல கிருமி இருக்கு. ரத்தத்துல பரவுமாம். நீங்க பாத்து நடந்துக்கங்க. எனக்கப்புறம் உக்கார்றவங்க பாவம்."

"கவலைப்படாதீங்க தம்பி. மெஷின் எல்லாத்தையும் பாத்துக்கும்" என்றேன். அவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினோம். குறடை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் தேய்த்துக் கழுவினேன்.

பத்தேகாலுக்கு நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றீர்கள். கைகழுவும் தொட்டி, ஊசி மருந்தின் தேதி, ஆக்சிஜன் உருளை எல்லாவற்றையும் பார்த்தீர்கள். பிறகு மெஷின்மேல் உள்ளங்கையை வைத்தீர்கள். அந்த ஒரு நொடியில் என் உயிர் என்னிடம் இல்லை.

"இப்பத்தான் ஓடி முடிஞ்சுதா?"

"ஆமா மேடம். ஆறிட்டிருக்கு."

பதிவேட்டைப் புரட்டினீர்கள். "இவ்வளவு சுத்தமா எழுதி நான் எங்கயும் பாத்ததில்ல" என்றீர்கள். தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புறப்படும்போதுதான் நீங்கள் கன்னத்தை அழுத்திக்கொண்டிருப்பதை டாக்டர் பார்த்தார்.

"எத்தனை நாளா வலி?"

"ரெண்டு வாரமா. இருக்கட்டும் டாக்டர். சோதனைக்கு வந்த இடத்துல வைத்தியம் பாத்துக்கக் கூடாது."

"அந்தச் சட்டம் உங்க பல்லுக்குத் தெரியுமா? கையெழுத்துதான் போட்டாச்சே, உக்காருங்கம்மா. இப்படி வலியோட அனுப்பினா எனக்குத் தூக்கம் வராது."

கீழ்க் கடைவாய்ப் பல். சொத்தை வேர்வரைக்கும் போயிருந்தது. எடுத்துவிடலாம் என்றார்.

அந்தப் பல்லுக்கான குறடு எங்களிடம் இரண்டுதான் மேடம். ஒன்று லாரி டிரைவருக்குப் பயன்படுத்தியது. கழுவி உறையில் போட்டிருந்தேன். மற்றதை முந்தின நாள் வீட்டுக்குக் கொண்டுபோய், முக்கால் மணி நேரம் தண்ணீரில் கொதிக்க வைத்து எடுத்து வந்திருந்தேன். என் வீட்டார் யாராவது வந்தால் அப்படிச் செய்வது வழக்கம். மகள் பல் அடைக்க வந்தபோதும் செய்தேன். தன் பிள்ளை என்றால் எந்தத் தாயும் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கத்தானே செய்வாள். அன்றைக்கு மாப்பிள்ளை ஐந்து மணிக்குப் பல் பிடுங்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

இரண்டு உறைகளும் ஒரே மேசை இழுப்பறையில் இருந்தன. இரண்டிலும் பட்டை கறுப்பு. எதை எடுத்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. என்மேல் ஒரு சந்தேகமும் விழாது. நின்று யோசித்தேன். மறுபடியும் கொதிக்க வைக்க நேரமில்லை. மாப்பிள்ளையிடம் இன்னொரு நாள் வாருங்கள் என்றால் ஏன் என்று கேட்பார்.

டாக்டர் உறையைத் தூக்கிக் காட்டினார். "உங்களுக்கே இதைக் காட்டணுமா என்ன" என்று சிரித்தார். நீங்களும் சிரித்துக்கொண்டு வாயைத் திறந்தீர்கள்.

மூன்று மாதம் கழித்து உங்கள் கண்கள் மஞ்சளாயின. அதற்கப்புறம் எங்களிடம் வந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள். உங்களோடு சேர்த்து இதுவரை ஒன்பது பேர். அதில் ஒரு பெண்ணுக்கு இது ஏழாம் மாதம். டாக்டர், "மெஷினை நான் பார்த்திருக்கணும். பொறுப்பு என்னோடது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் திரும்பி, "நீ வீட்டுக்குப் போம்மா, ரொம்பக் களைச்சுப் போயிட்ட" என்றார். அதற்கப்புறமும் பதினோரு நாள் நான் உண்மையைச் சொல்லவில்லை.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். யாருக்கும் கெடுதல் செய்ய வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. அந்த ஒன்பது பேருக்காகவும் தினம் வேண்டிக்கொள்கிறேன். அவர்களில் ஒருவரிடம்கூட முகம் சுளித்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் மேடம்.