தட்டிப் பார்த்த கதவு

கரண்ட் போய், எல்லோரும் மெழுகுவத்தியை ஒட்டி உட்கார்ந்த பிறகு மெக்கானிக் சொன்னது இது. அவனுடைய மச்சானுக்கு நடந்தது. மச்சான் தச்சர்.

மாலை ஆறு மணி. ஆள் அரவமில்லாத சாலை. இடித்துக்கொண்டிருந்த ஒரு வீட்டிலிருந்து பழைய கதவொன்றை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி மிதித்து வந்தார் தச்சர். தேக்கு. நல்ல கனம். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும் இருந்தது. உள்பக்கம், இடுப்புக்குக் கீழே... கீறல்கள்.

"எவன் வீட்டுக் கதவோ, நமக்கெதுக்கு?" என்றாள் மனைவி. மகள் செருப்பு கேட்டு ஒரு மாதமாகிறது, அதற்கு மட்டும் கால் நகரவில்லை என்றும் இடித்துக் காட்டினாள். வெகுகாலம் ஏங்கிப் பெற்ற ஒரே பெண்.

தச்சர் காதில் வாங்கவில்லை. பட்டறைக்கு ஒரு மேசை வேண்டும், அசையாத மேசை. தாழ்ப்பாளைக் கழற்றி, இருபுறமும் இழைத்தார். கீறல் போனது. தேக்கு வாசனை வரவில்லை. நெடுநாள் பூட்டிய அறையின் புழுக்கம்தான் வந்தது. உள்பக்கத்தைக் கீழே வைத்து, உத்திரக் கட்டைகளைக் கால்களாக்கி, ஆப்பு அடித்து இறுக்கினார். யானை ஏறினாலும் தாங்கும். கீழே மூன்று பக்கமும் பலகை அடைத்து, முன்னால் சாக்கைத் தொங்கவிட்டார்.

பழைய மரத்தைத் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். உள்ளே உளுத்திருந்தால் சத்தத்தில் தெரியும். மேசை முடிந்த பிறகும் கை அடங்கவில்லை. யோசனை வந்தால் விரல்முட்டியால் தட்டுவார். டொக்... டொக்.

பள்ளி விட்டு வந்ததும் மகள் சாக்குக்குள் புகுந்துகொள்வாள். அப்பா தட்டினால், "யாரு?" என்பாள். "அப்பா" என்றால் உருண்டு சிரிப்பாள்.

அன்றும் பள்ளி விட்ட நேரம்தான். நல்ல வெயில். டொக்... டொக்.

"யாரு?"

குரல் அடைத்திருந்தது. சளி பிடித்திருக்கும் என்று நினைத்தார்.

"அப்பா."

சிரிப்பு வரவில்லை. அடியிலிருந்து ஒரு சத்தம்... நகம் மரத்தில் இழுபடுகிற சத்தம். மெதுவாக. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு.

"உள்ளயே கெடந்தா எப்படி? வெளிய வா கண்ணு. வீட்டுக்குப் போலாம்."

சத்தம் நின்றது. சாக்கு அசைந்தது. காற்று இல்லை.

அப்போது தெருமுனையில் புதுச் செருப்பின் ஓசை கேட்டது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மகள் வந்துகொண்டிருந்தாள்.

தச்சர் சாக்கைத் தூக்கினார். யாரும் இல்லை. தரையில் கொஞ்சம் மரத்தூள். மேல்பலகையின் அடியில், அவர் இழைத்து வழவழப்பாக்கிய இடத்தில்... புதுக் கீறல்கள்.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. ஆப்பு கழலவில்லை, அவ்வளவு இறுக்கமாக அடித்திருந்தார். ரம்பத்தால் அறுத்தார். ஒவ்வொரு துண்டாகத் தெருக்கோடியில் கொண்டுபோய்க் கொளுத்திவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். மகள் தட்டைக் கொஞ்சம் நகர்த்தினாள். பிறகு இன்னும் கொஞ்சம். அவளுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் இடம் விழுந்தது. சின்ன இடம்.

"ஏன்டி தள்ளித் தள்ளிப் போற?" என்றாள் அம்மா.

"அப்பாதானம்மா இவள வரச் சொன்னாரு."