சாக்கடைக்குக் கல்வாழை

மஞ்சூர் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் எஸ்டேட் பெண்கள் இருவர். இளையவரின் மடியில் ஈரச் சாக்கு மூட்டை ஒன்று இருந்தது.

"என்ன புள்ள, சேனைக்கிழங்கா?" என்றார் மூத்தவர்.

"சாக்கடைக்குச் செடிங்க அக்கா. கல்வாழைக் கிழங்கு."

மூத்தவர் சிரித்தார். "சாக்கடைக்கு எதுக்குத் தோட்டம்?"

"எங்க லைன் ஊடுகளோட அழுக்குத் தண்ணி ஜல்லி நெரப்பின தொட்டி வழியாத்தான் ஓடைக்குப் போகுதுங்க. தொட்டியில செடி இருந்தாத்தான் தண்ணி தெளியும். கீழ் லைன்ல அந்த ஓடைத் தண்ணியத்தான் குடிக்கிறாங்க. அங்க எங்கக்கா பிள்ளைக்கு வயித்துப்போக்கு நிக்கவே மாட்டேங்குது."

"இத்தன நாளா செடியே வெக்கலையா?"

"வெச்சோமுங்க. நம்மாளுங்க ஞாயித்துக்கிழமை சுத்தம் பண்றோம்னு, களைன்னு நெனச்சு மொத்தத்தையும் பிடுங்கிட்டாங்க. தேயிலைக்குள்ள களை பிடுங்கின கை சும்மா இருக்குமுங்களா?"

"அப்ப இதையும் பிடுங்குவாங்க."

"மாட்டாங்க. இந்தத் தடவை ஊட்டுக்கு ஒரு கிழங்கு. அவங்கவங்களே நட்டு, பக்கத்துல பேர் எழுதின குச்சியும் நடணும்."

"அடுத்த ஊட்டுச் செடியத் தொட்டா சண்டைதான வரும்?"

"அதுக்குத்தானுங்க அக்கா," என்று இளையவர் மூட்டையை இறுக்கிக் கட்டினார்.