காத்து வர்ற பக்கம்

இல்ல மாமா, இப்ப உள்ள போக வேணாம். உங்க தம்பி இப்பத்தான் கண்ணசந்திருக்காரு. பையை இப்படி வைங்க. ஆப்பிளா? ஒரு துண்டு மெல்லவே அவருக்கு மூச்சு வாங்குது, பரவால்ல, வைங்க. கொண்டாந்தவங்க மனசு நோகக் கூடாது பாருங்க. அந்தக் கல்லு மேல உக்காருங்க, காலையிலதான் கழுவி விட்டேன். என்ன, மூக்கைப் பொத்திக்கிறீங்க? ஷெட்டுக்குள்ள ஒரு பன்னிகூட இல்லையே. செத்தது போக மிச்சத்தை வேற பண்ணைக்கு அனுப்பியாச்சு. காலி ஷெட்டு மாமா. உங்களுக்குக் கை பழகிப்போச்சு, அதுவா மூக்குக்குப் போவுது.

அக்கா வரலையா? தலைவலியா. சரி, சரி. நடுவுல ஒரு செவுருதான், இருந்தாலும் தலைவலின்னா நடக்க முடியாதுல்ல.

என்னதான் ஆச்சுன்னா கேக்கறீங்க? ஊரே வந்து கேட்டுட்டுப் போயிடுச்சு, நீங்க மட்டும்தான் பாக்கி. உக்காருங்க, சொல்றேன். மொதல்லேருந்து சொல்றேன். உங்களுக்கு அவசரம் இல்லையே? இருந்தாலும் உக்காருங்க.

இந்த ஷெட்டுக்குக் கோடு போட்ட அன்னைக்கு நாம நின்ன எடம் இதுதான். ஞாபகம் இருக்கா? காத்து மேக்கேருந்து வருது, நீளப் பக்கம் மேக்கைப் பார்த்து இருக்கட்டும், இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிடும்னு சொல்லி மேஸ்திரி சுண்ணாம்புகூடத் தூவிட்டாரு. நீங்க மாடியிலேருந்து இறங்கி வந்தீங்க. அப்படிக் கட்டினா நாத்தம் நேரா என் வீட்டு ஹாலுக்கு வரும், திருப்பிப் போடுங்கன்னீங்க. கட்டடத்தைத் திருப்பினா காத்தும் திரும்பிடுமா மாமா? மேஸ்திரி இவரு மொகத்தைப் பார்த்தாரு. இவரு உங்க மொகத்தைப் பார்த்தாரு. அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு, சுண்ணாம்புக் கோட்டைத் தன் செருப்புக் காலாலயே அழிச்சாரு. அன்னைக்கே நான் வாயைத் தொறந்திருக்கணும்.

அப்புறம் கூரை. உயரமா இருந்தா மாடியிலேருந்து பார்க்க அசிங்கமா இருக்குன்னீங்க, இறக்கிட்டோம். முகட்டுல சூடு வெளிய போறதுக்கு நீளமா ஒரு சந்து விட்டிருந்தாரு மேஸ்திரி. அதுலேருந்து ஆவி கெளம்புறது உங்க ஜன்னலுக்குத் தெரிஞ்சுதாம். அதையும் தகரம் போட்டு அடைச்சாச்சு. மேஸ்திரி கூலியை வாங்கிட்டுப் போகும்போது, நான் கட்டினேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மான்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு.

பன்னிக்கு வேர்க்காது மாமா. நமக்கு வெக்கையா இருந்தா வேர்த்துக் கொட்டி ஒடம்பு ஆறிடும். அதுக்கு அந்தக் கொடுப்பினை கெடையாது, காத்து பட்டாத்தான் உண்டு. பன்னின்னா அழுக்குன்னு நெனைப்பாங்க. அது படுக்கிற எடத்துல அசிங்கம் பண்ணாது தெரியுமா? படுக்க ஒரு மூலை, அதுக்கு ஒரு மூலைன்னு தானே பிரிச்சு வச்சுக்கும். நம்ம ஷெட்டுல என்ன ஆச்சு? வெக்கை தாங்காம, ஈரம் எங்க இருக்குன்னு தேடிப் போய் மூத்திரத்துலயே பொரண்டுச்சுங்க. உங்க கூட வந்த ஒருத்தரு எட்டிப் பார்த்துட்டு, பன்னின்னா இப்படித்தானேன்னாரு. நீங்க சிரிச்சீங்க. அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குக் காதுல இருக்கு.

அதுக்கப்புறம் இருமல். ஒண்ணு ஆரம்பிச்சா வரிசையா அத்தனையும் இருமும். குட்டிங்களுக்குக் கண்ணு ஓரமெல்லாம் செவந்து தண்ணி வடியும். உள்ள போயிட்டு வந்தா எனக்கே தொண்டையில மொளகாப்பொடி கொட்டின மாதிரி இருக்கும். அப்புறம் ஒண்ணு வாலை ஒண்ணு கடிக்க ஆரம்பிச்சுதுங்க. மாட்டு டாக்டர் வந்து பார்த்தாரு. மருந்தெல்லாம் அப்புறம், மொதல்ல காத்து வர வழி பண்ணுங்கன்னாரு. மூச்சு முட்ட அடைச்சு வச்சா கோவம் வராதா? எனக்கும் அதே கோவம்தான், கடிக்கத்தான் எதுவும் அகப்படல.

ஐயோ, அந்த ஹோஸை விடுங்க மாமா. கெடந்தா கெடக்கட்டும், நான் எடுத்து வச்சுக்கிறேன். உங்களுக்கு எதுவும் கலைஞ்சு கெடந்தா கண்ணு உறுத்தும், தெரியும். சின்ன வயசுலேருந்தே அப்படியாமே, அத்தை சொல்லியிருக்காங்க. சரி, கை சும்மா இருக்காதுன்னா சுத்துங்க.

எங்க விட்டேன்? ஃபேன். ஆமா. டாக்டர் சொன்னாருன்னு கோடி செவுத்துல பெரிய ஃபேன் மாட்டினோம். நல்லாத்தான் இருந்துச்சு. அதுங்க இருமலும் கொறைஞ்சுது, படுக்கற எடத்துல ஒழுங்காப் படுத்துதுங்க. இவரு அன்னைக்கு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாரு, பாரு, எப்படிக் காலை நீட்டித் தூங்குதுன்னு. அவ்வளவு சந்தோஷமா அவரை நான் பார்த்ததே இல்ல. உங்களுக்கு மத்தியானத் தூக்கம் போச்சு. ஃபேன் சத்தம். கழட்டி வச்சாச்சு. அதோ, அந்த மூலையில துரு பிடிச்சுக் கெடக்கே, அதுதான்.

ஆக, மிச்சம் இருந்தது ரெண்டு பக்கமும் செவுத்துக்குப் பதிலாத் தொங்குற படுதா மட்டும். அதைச் சுருட்டி மேல ஏத்தி வச்சா கொஞ்சமாவது காத்து நுழையும். அதை வச்சுத்தான் எங்க பொழைப்பு ஓடுச்சு.

தரைக்குக் கீழ கழிவுக்குழி இருக்கு, அது உங்களுக்குத் தெரியும். அது நெறைஞ்சா லாரி வரும், கலக்கி உறிஞ்சி எடுப்பாங்க. கலக்கும்போது ஒரு வாயு கெளம்பும் மாமா. மொதல்ல அழுகின முட்டை நாத்தம். கொஞ்ச நேரத்துல நாத்தமே தெரியாது. சரி, போயிடுச்சுன்னு நாம நெனைப்போம். அது போயிருக்காது, நம்ம மூக்குதான் செத்திருக்கும். அதனால கலக்குற அன்னைக்கு ரெண்டு படுதாவும் உச்சி வரைக்கும் ஏறி இருக்கணும், ஆளு யாரும் உள்ள இருக்கக் கூடாது. இவரு அதுலமட்டும் ரொம்பக் கறார். படுதா சுத்துற கைப்பிடி ரெண்டும் முன்பக்கம், உங்க செவுத்து ஓரமா இருக்குல்ல, யாராவது தெரியாம இறக்கிடப் போறாங்கன்னு ரெண்டையும் கம்பி போட்டு முறுக்கிக் கட்டிடுவாரு. வேலை முடிஞ்சதும் கட்டிங் பிளேயரால கம்பியை வெட்டி வீசிடுவாரு. எத்தனை தடவை அது என் கால்ல குத்தியிருக்கு.

அன்னைக்குப் பார்த்து உங்க வீட்டுல விருந்து. ஆபீஸ்ல பெரியவரு வர்றாரு, மொட்டை மாடியில சாப்பாடு, இன்னைக்கு ஒரு நாள் படுதாவை இறக்கி விடுடான்னு போன் பண்ணீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். இன்னைக்குக் குழி கலக்குறோம் அண்ணே, லாரி வந்துடுச்சு, இறக்கினா உசுரு போயிடும் அண்ணேன்னாரு. உங்ககிட்ட முடியாதுன்னு அவரு சொன்னது அதுதான் மொத தடவை. போனை வச்சுட்டு உங்க மாடியைப் பார்த்துக்கிட்டே நின்னாரு. அண்ணன் வருத்தப்பட்டிருப்பாராடின்னு என்கிட்ட கேட்டாரு.

அப்புறம் அவரும் லாரிக்காரரும் பின்னாடி குழிகிட்ட. மோட்டார் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. நான் தீவன ரூம்ல. திடீர்னு பன்னிங்க கத்துச்சுங்க. அந்த மாதிரி கத்தி நான் கேட்டதில்ல. அப்புறம் சட்டுனு அடங்கிடுச்சு. ஓடி வந்தேன். ரெண்டு படுதாவும் தரை வரைக்கும் இறங்கி இருக்கு. இவரு பின்கதவைத் தொறந்து உள்ள ஓடிட்டாரு, அத்தனை தெரிஞ்ச மனுஷன், கத்துறதைக் கேட்டதும் எல்லாம் மறந்துபோச்சு அவருக்கு. நான் உள்ள போகல மாமா. போயிருந்தா நானும் அங்கயே விழுந்திருப்பேன். வெளிய நின்னு கைப்பிடியைச் சுத்தினேன். அவரு உள்ள விழுந்து கெடக்காருன்னு தெரிஞ்சுக்கிட்டே ஒரு பக்கம் சுத்தி முடிச்சு, அடுத்த பக்கம் ஓடி அதையும் சுத்தினேன். அது எவ்வளவு மெதுவா ஏறும்னு உங்களுக்குத் தெரியுமா? ஏறுச்சு. அப்புறம் நானும் லாரிக்காரரும் போய் இழுத்துட்டு வந்தோம். மாடியிலேருந்து உங்க ஆளுங்க எட்டிப் பார்த்தாங்க. தட்டோட.

படுதாவை யாரு இறக்கினதுன்னு ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டாரு, போலீஸ்காரர் கேட்டாரு, அத்தை தலையில அடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க. நான்தான் ஏதோ ஞாபகத்துல இறக்கிட்டேன்னாரு உங்க தம்பி. பேச மூச்சில்லாதப்பவும் அதைமட்டும் சொன்னாரு.

அன்னைக்கு அவரு கட்டி வச்ச கம்பியை நான்தான் பார்த்தேன். வெட்டல, பிச்சு எறியல. பொறுமையா முறுக்கை அவுத்து, வட்டமாச் சுருட்டி, நுனியை உள்ள சொருகி, செவுத்து ஆணியில மாட்டியிருந்துச்சு. ரெண்டும். அவ்வளவு அழகா.

ஹோஸைப் பாருங்க மாமா. பேச்சுவாக்குல சுருட்டி முடிச்சிட்டீங்க. நுனியைக்கூட உள்ள சொருகிட்டீங்க.

எந்திரிக்காதீங்க. நான் சத்தம் போடப் போறதில்ல. கம்பியை அவருகிட்ட எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் மொகத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு, அண்ணன்கிட்ட எதுவும் கேட்டுடாதேன்னாரு. நான் கேக்கலையே? வந்ததுலேருந்து ஒரு கேள்வி, நீங்களா இறக்கினீங்கன்னு ஒரு கேள்வி கேட்டேனா? சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்.

அந்தா, இருமுறாரு. முழிச்சிட்டாரு. போங்க, ஆப்பிளையும் எடுத்துக்குங்க. அண்ணே, சாப்டீங்களான்னுதான் மொதல்ல கேப்பாரு, ஏதாவது பதில் சொல்லுங்க. உங்க வீட்டைப் பார்த்த ஜன்னலைத் தொறந்து வச்சிருக்கேன். அவருக்குக் காத்து வர்றது அது வழியாத்தான். வெளிய வரும்போது அதைமட்டும் சாத்திடாதீங்க.