ரஞ்சிதம் அம்மாள் உபயம்

தண்ணீர்ப் பானையில் ஒரு பிடி வெட்டிவேர் போட்டு வைத்தால், செஞ்சி வெயிலுக்கு அதைவிடச் சுகமில்லை. என் பந்தலில் அப்படித்தான் வைத்திருந்தேன், ஐயா. மோரும் உண்டு. பஞ்சாயத்துத் தேர்தல் வரப்போகிறது என்று ஊரில் பேச்சு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பலகையில் என் பெயரைப் பெரிதாக எழுதச் சொன்னது, தாகத்தோடு வருகிறவர்களுக்குத் தூரத்திலேயே தெரியட்டும் என்றுதான்.

யாரும் வரவில்லை. எதிர்வீட்டு பக்ருன்னிசா தன் வாசலில் ஒரு மண்பானை வைத்திருந்தாள். கோட்டை பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள், அனந்தபுரம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், எல்லாரும் அங்கேதான் குடித்தார்கள். ரம்ஜான் மாதம். பகலெல்லாம் ஒரு சொட்டு குடிக்காமல் நோன்பிருந்துகொண்டு, ஊருக்கு மொண்டு ஊற்றினாள்.

"உனக்கு இன்னாத்துக்கு இந்த வேலை? நான்தான் பந்தல் போட்டிருக்கேனே," என்றேன்.

"உன் பந்தல்ல தண்ணி குடிச்சா போட்டோ புடிக்கிறாங்களாமேக்கா. ஜனங்க தலை வாரிக்கினு வரணுமேன்னு பயப்படுதுங்க," என்று சிரித்தாள்.

எனக்குக் கோபமில்லை. மறுநாள் மதியம் அவள் தொழ உள்ளே போனபோது, பேதிக்குக் கொடுக்கிற நேர்வாளக் கொட்டையை அரைத்து அந்தப் பானையில் கலந்தேன். நாலு பேருக்கு வயிற்றால் போனால், மற்றவர்கள் சுத்தமான தண்ணீரைத் தேடி வருவார்கள். பக்ருன்னிசாவுக்கு ஆபத்தில்லை, அவள்தான் நோன்பாயிற்றே. அந்த அளவுக்கு யோசித்துத்தான் செய்தேன்.

நினைத்தபடியே நடந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு என் கையாலேயே மோர் கொடுத்தேன். போட்டோவும் எடுத்தாயிற்று.

பொழுது சாயும்போது வண்டிக்காரன் பாவாடை அவள் வாசலில் நின்று சத்தம் போட்டான். "உன் தண்ணிய குடிச்சித்தாம்மா எனக்கு இப்படிப் புடுங்குது!"

"எம் பானையில இன்னாடா கெட்டுப் போச்சு? நானே குடிக்கிறேன், பாரு." பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அந்தத் தண்ணீரிலேயே நோன்பு திறந்தாள். வெறும் வயிறு, இரண்டு சொம்பு குடித்தாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பந்தலின் பெயர் கெட்டுவிடுமே.

ஆஸ்பத்திரிக்கு என் காரில்தான் கொண்டுபோனேன். விடிவதற்குள் போய்விட்டாள்.

ஸ்டேஷனில் உங்கள் ஏட்டு ரங்கநாதன், "ஏம்மா செஞ்சேன்னு எழுதணும். பொறாமைன்னு போடட்டா?" என்றார். இல்லை என்றேன். "பதவி ஆசை?" அதுவும் இல்லை. "இதுக்குன்னு ஒரு வார்த்தை இருக்கும்மா. எனக்குத்தான் வாயில வரமாட்டேங்குது," என்று பேனாவை மூடிவிட்டார்.

பொதுத்தொண்டு என்று எழுதச் சொல்லுங்கள், ஐயா. அவள் அடக்கத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் அந்த வெயிலில் குடம் குடமாக மோர் அனுப்பினேன். நோன்பாம், ஒருவரும் தொடவில்லை. நல்லது செய்கிறவர்களை இந்த ஊர் என்றைக்கு மதித்திருக்கிறது?